டிராக்டரும் அதன் பதிவுப் புத்தகமும்

மாட்டுச் சந்தையில் ஒரு ஜோடி எருதுகள் கைமாறும் முறையை அறியாத குடியானவர் இலர். துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை பேசி, பணத்தை எண்ணிக் கொடுத்து, புதுக் கயிறு பூட்டி ஓட்டிச் சென்றுவிட்டால் வியாபாரம் முடிந்தது. விற்றவருக்கு அதன் பின் அம்மாடுகளைப் பற்றிய கவலை இல்லை. எருதுகளின் இடத்தில் இன்று வயலில் இறங்கியிருக்கும் டிராக்டருக்கோ இம்முறை பொருந்தாது. நிலத்திற்குப் பட்டா எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் டிராக்டருக்கு அதன் பதிவுப் புத்தகம். பட்டா மாறுதலுக்காகத் தாலூகா ஆபீசுக்குப் பலமுறை நடக்கும் குடியானவர்களுள் பலர், இந்தப் புத்தகத்தில் பெயர் மாற்றுவதை மட்டும் அலட்சியமாக விட்டுவிடுகின்றனர். அதனால் விளையும் கஷ்டம் சிறிதன்று.

உடையவர் யார்?

இந்திய தேசத்தில் மோட்டார் வண்டிகளைப் பற்றிய சட்டம் முதலில் 1914ஆம் வருஷத்திலும், பின்னர் 1939ஆம் வருஷத்திலும் இயற்றப்பட்டது. தற்போது அமலில் இருப்பது 1988ஆம் வருஷத்துச் சட்டம். இது 1989 ஜூலை 1ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின்படி, ஒரு வண்டி எவர் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே அதன் உடையவர். பாங்கியில் ஈடு காட்டிக் கடன் பெற்று வாங்கிய வண்டியாயின், அந்த ஒப்பந்தத்தின்படி வண்டியைத் தம் வசத்தில் வைத்திருப்பவர் உடையவர் ஆவார்.

விலையைக் கொடுத்து வண்டியை ஓட்டிச் சென்றால், விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே வியாபாரம் முடிந்ததாகக் கொள்ளலாம். ஆனால் அவ்வண்டியால் தீங்குற்ற மூன்றாமவருக்கு முன்னர் இவ்வியாபாரம் செல்லாது. அவருக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியவர் புத்தகத்தில் பெயர் உள்ளவரே.

ஓர் உதாரணம் கொள்க. ஒரு குடியானவர் தமது டிராக்டரை அடுத்த ஊரார் ஒருவருக்கு விற்கிறார். முத்திரைத்தாளில் கிரயம் எழுதிச் சாட்சிக் கையெழுத்தும் ஆகிறது. சாவியும் புத்தகமும் கைமாறுகின்றன. பெயர் மாற்றத்தை அறுவடைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் விட்டுவிடுகின்றனர். இரண்டு வருஷம் சென்றபின், கரும்பு ஏற்றிய அந்த டிராக்டர் இருட்டில் ஒருவர் மீது மோதி அவர் இறக்கிறார். இன்சூரன்ஸ் காலாவதியாகிவிட்டது. நஷ்டஈட்டு வழக்கில் சம்மன் வருவது, வண்டியை மறந்தே போயிருந்த பழைய குடியானவரின் வீட்டிற்கு! முத்திரைத்தாள் அவரைக் காப்பாற்றுமா? காப்பாற்றாது. பலர் கைமாறியும் பெயர் மாற்றப்படாதிருந்த ஒரு மோட்டார் கார் சம்பந்தமான வழக்கில், 2018ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகத் தீர்மானித்துள்ளது. விபத்தில் துன்புற்றவர், வண்டி யார் யார் கையில் சென்றது என்று தேடி அலைய வேண்டியதில்லை. பதிவில் உள்ளவரே நஷ்டஈட்டிற்குப் பொறுப்பாளி என்பது அத்தீர்ப்பின் சாரம். நஷ்டஈட்டுத் தொகை டிராக்டரின் விலையை விடப் பன்மடங்கு இருக்கக்கூடும். நிலமே போகும் நிலை ஏற்படலாம்.

புது வண்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

புது டிராக்டர் வாங்கும்போது, விற்பனைச் சான்று (21ஆம் நமூனா), வண்டி சாலையில் ஓடத் தக்கது என்னும் உற்பத்தியாளரின் சான்று (22ஆம் நமூனா), இன்சூரன்ஸ் பத்திரம் ஆகியவற்றைப் பெற்று, 20ஆம் நமூனாவில் பதிவுக்கு மனுச் செய்ய வேண்டும். புத்தகம், அல்லது இக்காலத்தில் அதற்குப் பதிலாகத் தரப்படும் அட்டை, கைக்கு வந்தவுடன் என்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப் பார்த்தல் அவசியம். ஓர் எழுத்துப் பிழையும் பின்னர் விற்கும்போது பெருந்தடையாகும்.

டிரெயிலரும் சட்டப்படி ஒரு வண்டியே. அதற்குத் தனியே பதிவு வேண்டும். டிராக்டரை மட்டும் பெயர் மாற்றி, டிரெயிலரைப் பழைய பெயரிலேயே விட்டுவிடுவது அடிக்கடி நேரும் பிழை.

விவசாய டிராக்டரின் பதிவு 15 வருஷங்களுக்குச் செல்லும். காலம் முடிவதற்கு முந்திய 60 நாட்களுக்குள் 25ஆம் நமூனாவில் மனுச் செய்து, வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டி, 5 வருஷங்களுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். இது வரப்பைத் தாண்டாத வண்டிதானே என்று இருந்துவிடலாகாது. வயலுக்குப் போகும் வழியும் பொதுச் சாலையே.

கைமாறும்போது

விற்பவர் 14 நாட்களுக்குள் 29ஆம் நமூனாவில் கைமாற்றத்தை அறிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாட்களுக்குள் 30ஆம் நமூனாவில் பெயர் மாற்றம் கோர வேண்டும். இக்கெடு, இருவரும் ஒரே மாகாணத்தில் உள்ளபோது. அறிவித்ததற்கான ரசீதை விற்றவர் பத்திரமாக வைத்திருப்பதுடன், மாற்றம் முடிந்ததா என்பதையும் நேரில் விசாரித்து அறிதல் நலம்.

பூர்த்தி செய்யாத நமூனாக்களில் கையெழுத்திட்டுத் தரகரிடம் கொடுப்பது மிகவும் கெடுதலான வழக்கம். அத்தாள்கள் எத்தனை பேர் கைக்குச் சென்றாலும், பதிவில் நிற்பது கையெழுத்திட்டவரின் பெயரே. பழைய வண்டிகளை வாங்கி விற்கும் வியாபாரிகள் அங்கீகாரச் சான்று பெறவேண்டும் என்றும், வண்டி தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் ஏற்பட்ட விதிகள் 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ளன. இத்தகைய அங்கீகாரம் உள்ளவரிடமே வண்டியை ஒப்படைப்பது உசிதம்.

வெளி மாகாணத்து டிராக்டரை மலிவாக வாங்குவோர், அங்குள்ள பதிவு அதிகாரியிடமிருந்து ஆட்சேபணையில்லாச் சான்று (28ஆம் நமூனா) கிடைத்த பின்னரே முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும். அச்சான்று இன்றி இங்கே புது எண் பெறுதல் அரிது. வண்டியின் எண்ணைக் கொண்டு பரிவாகன் இணையத் தளத்தில் பதிவுக் காலம், இன்சூரன்ஸ் முதலியவற்றை வாங்குமுன்பே பார்த்துக்கொள்ளலாம்.

கடன் தீர்ந்த பின்

கடனில் வாங்கிய வண்டியின் புத்தகத்தில், கடன் கொடுத்த பாங்கி அல்லது கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் ஈடாகக் குறிக்கப்பட்டிருக்கும். கடைசித் தவணையைச் செலுத்தி ரசீது பெற்ற மாத்திரத்தில் இக்குறிப்பு தானே மறைந்துவிடாது. கடன் கொடுத்தவரின் கையெழுத்துப் பெற்று, 35ஆம் நமூனாவில் மனுச் செய்து நீக்கிக்கொள்ள வேண்டும். பத்து வருஷம் கழித்து வண்டியை விற்கும்போது இதற்கு முயன்றால், அக்கிளை வேறோர் ஊருக்கு மாறியிருக்கலாம். பழைய கணக்கும் எளிதில் அகப்படாது.

உடையவர் காலமானால்

தகப்பனார் காலமான பிறகு டிராக்டரை மூத்த மகன் ஓட்டுகிறார். புத்தகமோ தகப்பனார் பெயரிலேயே இருக்கிறது. இது கிராமங்களில் சர்வ சாதாரணம். மரணத்தையும், வண்டியைத் தாம் உபயோகிக்கக் கருதியிருப்பதையும் 30 நாட்களுக்குள் அறிவித்தால், வாரிசு அவ்வண்டியை 3 மாதம் வரை உபயோகிக்கலாம். அதற்குள் 31ஆம் நமூனாவில் பெயர் மாற்றம் கோர வேண்டும். நாளாக ஆகச் சகோதரர்களுக்குள் மனஸ்தாபம் வளர்ந்து, ஒருவர் கையெழுத்திட மறுத்தால் வண்டி விலைபோகாமல் நின்றுவிடும். இவ்விடரைக் குறைக்கும் பொருட்டு, உடையவர் தம் ஆயுட்காலத்திலேயே ஒருவரை நியமனதாரராகப் புத்தகத்தில் குறிப்பிட 2021ஆம் வருஷத்திலிருந்து விதியில் இடமளிக்கப்பட்டுள்ளது. புது வண்டியைப் பதிவு செய்யும்போதே இதைச் செய்துகொள்ளலாம்.

இன்றே பார்க்க வேண்டியவை

டிராக்டர் உள்ள ஒவ்வொருவரும் புத்தகத்தை எடுத்து, பெயர் யாருடையது, பதிவு எந்தத் தேதி வரை செல்லும், தீர்ந்த கடனின் ஈட்டுக் குறிப்பு நீங்கியுள்ளதா, டிரெயிலருக்குத் தனிப் புத்தகம் உண்டா, இன்சூரன்ஸ் அமலில் உள்ளதா என்னும் ஐந்தையும் சரிபார்ப்பாராக. டிராக்டரை முன்பே விற்றுவிட்டவரும், தம் பெயர் பதிவிலிருந்து மாறியதா என்று விசாரித்தல் இன்றியமையாதது. வாங்கியவர் நெருங்கிய உறவினர் ஆயினும் இதில் தாட்சண்யம் வேண்டா. ஒரு நாள் வேலையை ஒதுக்கி வைத்து வட்டாரப் போக்குவரத்து ஆபீசுக்குச் சென்று வருவது, பின்னர் கோர்ட்டு வாசலில் பல நாள் காத்துக் கிடப்பதைக் காட்டிலும் எளிது.