புல்வெளியைக் காப்பாற்றிய எஃகு வீடு

வீடு கட்டுவதற்கான எஃகுச் சாமான்கள் எல்லாம் மனையில் வந்து இறங்கிவிட்டன. வரைபடமும் தயார். அந்த நேரத்தில், "இந்த வீடு வேண்டாம், வேறு மாதிரி கட்டுவோம்" என்று யாராவது சொல்வார்களா? சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியர் சொன்னார்கள். சார்லஸ் கட்டடக் கலை பயின்றவர்; ரே ஓவியர். தாங்கள் குடியிருப்பதற்காக அவர்கள் கட்டிய வீட்டின் கதை இது. உங்கள் இயற்பியல் பாடமும் இதில் ஒளிந்திருக்கிறது.

1945-இல் 'ஆர்ட்ஸ் அண்ட் ஆர்க்கிடெக்சர்' என்ற அமெரிக்க இதழ் ஒரு திட்டம் தொடங்கியது. ஆலைகளில் தயாராகும் பொருள்களைக் கொண்டே புதுவகை வீடுகள் கட்டிக் காட்ட வேண்டும் என்பது அதன் நோக்கம். அதில் எட்டாம் எண் வீடு ஈம்ஸ் தம்பதியருடையது. இடம், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பசிபிக் கடலைப் பார்த்த ஒரு மேட்டு நிலம். சார்லஸும் ஈரோ சாரினன் என்ற கட்டடக் கலைஞரும் சேர்ந்து முதல் வரைபடத்தைப் போட்டார்கள். மலைச்சரிவிலிருந்து கிளம்பி, புல்வெளிக்கு மேலே பாலம்போல் நீளும் வீடு அது.

ஆனால் போருக்குப் பிந்திய தட்டுப்பாட்டினால் எஃகு வந்து சேர 1948 ஆகிவிட்டது. காத்திருந்த காலத்தில் கணவனும் மனைவியும் அந்தப் புல்வெளிக்கு அடிக்கடி போய் வந்தார்கள். அங்கே யூகலிப்டஸ் மரங்கள் வரிசையாக நின்றன. இவ்வளவு அழகான வெளியின் நடுவே வீட்டை நிறுத்தினால் வெளியே போய்விடுமே என்று அவர்களுக்குத் தோன்றியது. வீட்டைச் சரிவின் ஓரமாக ஒதுக்கி, மரங்களுக்குப் பின்னால் வைக்க முடிவு செய்தார்கள்.

அப்படியானால் வந்து இறங்கிய எஃகு வீண்தானா? இங்கேதான் இயற்பியல் வருகிறது. ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இரண்டு புத்தகங்களின்மேல் ஒரு மர அளவுகோலைப் படுக்கையாக வைத்து, நடுவில் விரலால் அழுத்துங்கள். எளிதில் வளைகிறது. அதையே விளிம்பில் நிற்கும்படி பிடித்துக்கொண்டு அழுத்துங்கள். அசையக்கூட மறுக்கிறது! மரம் அதேதான், ஆனால் விறைப்பு, உயரத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. அளவுகோல் 30 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உடையது என்றால், நிற்கும்போது அதன் விறைப்பு படுத்திருப்பதைப்போல் 100 மடங்கு!

வளையும் உத்தரத்தின் மேற்பகுதி அமுக்கப்படுகிறது; அடிப்பகுதி இழுபடுகிறது. நடுப்பகுதிக்கு அதிக வேலையில்லை. எனவே மேலும் கீழும் எஃகுச் சட்டங்களை வைத்து, நடுவில் கோணல்மாணலாகக் கம்பியை மடித்து இணைத்தாலே போதும். ஈம்ஸ் வீட்டின் கூரையைத் தாங்குபவை 12 அங்குல உயரமுள்ள இப்படிப்பட்ட உத்தரங்களே. தூண்களோ 4 அங்குலம்தான்.

இன்னொரு விதியையும் பாருங்கள். ஓர் உத்தரத்தின் ஒவ்வோர் அடியும் ஒரே அளவு சுமையைத் தாங்குவதாகக் கொள்வோம். அதன் நீளம் இருமடங்கானால், நடுவில் ஏற்படும் தொய்வு 16 மடங்காகிறது! அந்தரத்தில் நீளும் பால வீட்டில் எஃகின் பெரும் பங்கு இந்தத் தொய்வோடு போராடுவதற்கே செலவாகிவிடும். தரையில் வீட்டை அமர்த்தி, 7½ அடிக்கு ஒரு தூண் நிறுத்தினால் அந்தப் போராட்டமே இல்லை. ஏறக்குறைய அதே எஃகைக் கொண்டு முன்னைவிட விசாலமான வீட்டை எழுப்பிவிட்டார்கள். கூடுதலாக ஒரே ஓர் உத்தரம்தான் தேவைப்பட்டது என்று சொல்வார்கள்.

சரிவைக் குடைந்து, மண் சரியாமல் இருக்க 8 அடி உயரத்தில் கான்கிரீட் தடுப்புச் சுவர் கட்டினார்கள். அதன்பின் எஃகுச் சட்டகத்தை ஐந்து ஆட்கள் 16 மணி நேரத்தில் நிறுத்தி முடித்தார்கள். 1949 கிறிஸ்துமஸ் சமயத்தில் குடிபுகுந்தார்கள்.

சுமையெல்லாம் தூண்கள் வழியே இறங்குவதால், சுவர் எதையும் தாங்க வேண்டியதில்லை. எனவே கண்ணாடியும் வண்ணப் பலகைகளுமே சுவர்களாயின. 'கண்ணாடி வீடு வெயிலில் கொதிக்காதா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கண்ணாடி வெயிலை உள்ளே விடும். உள்ளிருந்து வரும் வெப்பக் கதிர்களை எளிதில் வெளியே விடாது. ஆனால் முன்னால் நிற்கும் யூகலிப்டஸ் மரங்கள் வெயிலை வடிகட்டிவிடுகின்றன. அவர்கள் காப்பாற்றிய மரங்கள் அவர்களுக்கு நிழல் தந்தன!

சார்லஸ் 1978-லும் ரே 1988-லும் மறையும்வரை அதுவே அவர்கள் வீடு. 2025 ஜனவரியில் அந்த வட்டாரத்தையே எரித்த காட்டுத் தீயிலிருந்தும் அது தப்பியது.

அடுத்த முறை பேருந்து நிலையத்தில் நிற்கும்போது கூரையின் அடிப்புறத்தை அண்ணாந்து பாருங்கள். மேலொரு சட்டம், கீழொரு சட்டம், நடுவில் கோணல்மாணலாகக் கம்பிகள் தெரிகின்றனவா? அவற்றில் எது இழுபடுகிறது, எது அமுக்கப்படுகிறது என்று உங்களால் சொல்ல முடிகிறதா?