இரண்டு முறை திறக்கப்பட்ட பாலம்

1894இல் டவர் பாலம் திறக்கப்பட்ட பிறகு, லண்டன் மாநகரின் மையப் பகுதியில் தேம்ஸ் ஆற்றுக்குக் குறுக்கே நூறாண்டுக்கு மேல் புதிய இடத்தில் ஒரு பாலமும் எழவில்லை. பழைய பாலங்களை இடித்து அதே இடத்தில் மறுபடி கட்டியதோடு சரி. 1990களில் நிலைமை மாறியது. வடகரையில் செயின்ட் பால் பேராலயம் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே தென்கரையில், மூடிக் கிடந்த பேங்க்சைடு மின் நிலையத்தை டேட் மாடர்ன் என்ற கலைக்கூடமாக மாற்றும் வேலை தொடங்கியிருந்தது. இரண்டையும் நடந்தே இணைக்கலாமே என்று 1996இல் ஒரு வடிவமைப்புப் போட்டி அறிவித்தார்கள். குவிந்த 200க்கும் மேற்பட்ட வரைவுகளில் பொறியியல் நிறுவனமான அரூப், கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம், சிற்பி ஆந்தனி கேரோ ஆகிய மூவர் கூட்டணியின் வரைவு தேர்வானது.

தொங்கு பாலம் என்றால் வானுயர்ந்த கோபுரங்களும் அவற்றிலிருந்து வளைந்து இறங்கும் வடங்களும்தான் நம் நினைவுக்கு வரும். இந்தப் பாலத்தில் கோபுரமே கிடையாது. பேராலயத்தின் காட்சியை எதுவும் மறைக்கக் கூடாது என்பதற்காக, பக்கத்துக்கு நான்காக எட்டு எஃகு வடங்களைக் கிட்டத்தட்டப் படுக்கைவசத்தில் இழுத்துக் கட்டினார்கள். நடுக்கண்ணின் நீளம் 144 மீட்டர். அந்த நீளத்துக்கு வடங்களின் தொய்வு வெறும் 2.3 மீட்டர்தான். ஆற்றுக்குள் இரண்டே தூண்கள். நடைதளம் அலுமினியத்தால் ஆனது, அகலம் 4 மீட்டர். வண்டி வாகனங்களுக்கு இடமில்லை. மனிதர் நடப்பதற்கு மட்டும். இரவில் விளக்கெரியும்போது ஆற்றின் மேல் ஒளிக்கீற்றாகத் தெரிய வேண்டும் என்பது ஃபாஸ்டரின் கனவு. இவ்வளவு மெலிதாக ஒரு பாலத்தை நிறுத்திக் காட்டிய துணிவை, பின்னால் நடந்ததை வைத்துக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை.

2000 மே 9 அன்று ராணி இரண்டாம் எலிசபெத் பாலத்தை முறைப்படி அர்ப்பணித்தார். ஆனால் வேலை முழுதாக முடிந்து மக்களுக்குத் திறந்துவிட்ட நாள் ஜூன் 10, சனிக்கிழமை. புத்தாயிரத்தின் முதல் கோடை. நூறாண்டுக்குப் பிறகு கிடைத்த புதிய ஆற்றுவழி என்பதால் கூட்டம் அலைமோதியது. அன்று ஒரு நாளில் மட்டும் 80,000 முதல் ஒரு லட்சம் பேர் வரை கடந்திருப்பார்கள் என்பது மதிப்பீடு. ஒரே நேரத்தில் 2,000 பேர் வரை பாலத்தின் மேல் இருந்தார்கள்.

பாலம் ஆடத் தொடங்கியது. மேலும் கீழுமாக அல்ல, பக்கவாட்டில். நடுக்கண் 7 சென்டிமீட்டர் வரை இடமும் வலமுமாக நகர்ந்தது. நடந்தவர்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்கள், சிலர் அப்படியே நின்றுவிட்டார்கள். கூட்டம் நின்றதும் ஆட்டம் அடங்கியது; நடக்கத் தொடங்கியதும் திரும்ப வந்தது. உள்ளே விடும் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்த்தார்கள், பயனில்லை. ஜூன் 12 அன்று பாலம் மூடப்பட்டது. அது இடிந்து விழும் நிலையில் இல்லை. ஆனாலும் மூடினார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, திறந்த இரண்டே நாளில் அப்படி ஒரு முடிவை எடுக்க நெஞ்சுரம் வேண்டும்.

பாலத்தில் படைவீரர்கள் ஒரே தாளத்தில் அடி வைத்து நடக்கக் கூடாது என்பது பழைய பாடம். அதே தேம்ஸ் ஆற்றின் ஆல்பர்ட் பாலத்தில், துருப்புகள் நடைத்தாளத்தைக் கலைத்துச் செல்ல வேண்டும் என்ற அறிவிப்புப் பலகை இன்றும் இருக்கிறது. ஆனால் ஜூன் 10 அன்று வந்தவர்கள் படைவீரர்கள் அல்லர். குழந்தைகளோடு வேடிக்கை பார்த்துக்கொண்டு, அவரவர் போக்கில் நடந்த பொதுமக்கள். அவர்களுக்குத் தாளம் எங்கிருந்து வந்தது?

நாம் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி எடுத்து வைக்கிறோம். இடது காலை ஊன்றும்போது உடல் எடை ஒரு பக்கம் லேசாகத் தள்ளும், வலது காலை ஊன்றும்போது மறுபக்கம். ஒருவர் தரும் இந்தப் பக்கத் தள்ளல் மிகச் சிறியது. ஆயிரம் பேர் ஆளுக்கொரு நேரத்தில் தள்ளினால் பெரும்பகுதி ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்றே பொறியாளர்கள் நம்பினார்கள். அன்றைய பிரிட்டிஷ் கட்டுமான விதிகளிலும் இது கணக்கில் இல்லை. ஆனால் காலடியில் தளம் சற்றே அசைந்தால் மனிதர் சும்மா நடப்பதில்லை. ஓடும் பேருந்துக்குள் நடக்கும்போது செய்வதுபோலக் கால்களை அகட்டி வைக்கிறோம். விழாமல் இருக்க அசைவுக்கு ஏற்ப அடியை மாற்றிக்கொள்கிறோம். அப்போது நம் தள்ளல் தளத்தின் ஆட்டத்தோடு சேர்ந்துகொள்கிறது. ஆட்டம் கூடக் கூடத் தள்ளலும் கூடுகிறது. நிலைதடுமாறாமல் இருக்க ஒவ்வொருவரும் எடுத்த முயற்சியே எல்லோரையும் தடுமாற வைத்தது.

அரூப் பொறியாளர்கள் காரணத்தை ஊகத்துக்கு விடவில்லை. பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் அசையும் மேடைகளின் மேல் ஆட்களை நடக்கவிட்டு அளந்தார்கள். பிறகு மூடிய பாலத்திலேயே தங்கள் ஊழியர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணிக்கை கூட்டி நடக்கவைத்தார்கள். வடக்குக் கண்ணில் செய்த சோதனையில் கிடைத்த முடிவு என்னை இன்றும் வியக்கவைக்கிறது. 156 பேர் நடக்கும்வரை பாலம் ஏறக்குறைய அமைதியாக இருந்தது. மேலும் பத்துப் பேர் சேர்ந்ததும் ஆட்டம் மளமளவென்று ஏறியது. எச்சரிக்கையாகச் சிறிது சிறிதாகக் கூடும் ஆட்டமே இல்லை. ஒரு வரம்பு இருக்கிறது, அதைத் தாண்டினால் பாலம் குலுங்கும். திறப்பு விழாவுக்கு முன் நூறு பேரை நடக்கவிட்டுப் பார்த்திருந்தாலும் எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும்.

இது புதிதாக முளைத்த சிக்கலும் அல்ல. ஜப்பானில் படகுப் பந்தய அரங்கம் ஒன்றிலிருந்து கூட்டம் வெளியேறும் நடைபாலத்தில் இதே ஆட்டத்தை ஆராய்ந்து யோசோ ஃபுஜினோ குழுவினர் 1993இலேயே கட்டுரை எழுதியிருந்தார்கள். 1975இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகப் பாலத்தில் ஒரு பேரணி சென்றபோதும் இப்படி ஆடியிருக்கிறது. பாரிஸில் 1999 டிசம்பரில் திறந்த சோல்ஃபெரினோ நடைபாலமும் ஆடியது. செய்திகள் அங்கங்கே கிடந்தன. பாலம் கட்டுபவரின் மேசைக்கு வந்து சேரவில்லை.

பாலத்தை இறுக்கிக் கெட்டிப்படுத்துவது ஒரு வழி. ஆனால் நடுக்கண்ணின் பக்கவாட்டு விறைப்பைப் பல மடங்கு உயர்த்த வேண்டியிருக்கும். அந்த மெலிந்த அழகு போய்விடும். ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது இன்னொரு வழி. எல்லோருக்குமான பாலத்தில் வாசலில் ஆளெண்ணி நிறுத்துவது முறையல்ல. ஆட்டத்தின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும் தணிப்பான்களைப் பொருத்துவதே முடிவானது. வாகனங்களின் ஷாக் அப்சார்பர் வகையைச் சேர்ந்த 37 தணிப்பான்களும், எடைக்கட்டிகளை வைத்து அதிர்வை அடக்கும் 52 தணிப்பான்களும் பொருத்தினார்கள். பெரும்பாலானவை தளத்துக்கு அடியில் ஒளிந்திருப்பதால் பாலத்தின் தோற்றம் மாறவில்லை. கட்டுமானத்துக்கு 1.82 கோடி பவுண்டு செலவாகியிருந்தது. சீரமைப்புக்கு மேலும் சுமார் 50 லட்சம் பவுண்டு.

2002 ஜனவரியில் 2,000 பேரை நடக்கவிட்டுச் சோதித்தார்கள். பிப்ரவரி 22 அன்று பாலம் மறுபடி திறக்கப்பட்டது. முதல் திறப்பைவிட இந்தத் திறப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதைவிடப் பெரிதாக மதிப்பது இன்னொன்றை. பாட் டல்லார்ட் உள்ளிட்ட அரூப் பொறியாளர்கள் தங்கள் அளவீடுகளையும், எத்தனை பேருக்கு எவ்வளவு தணிப்பு தேவை என்ற கணக்கையும் 2001இலேயே தொழில்முறை இதழில் விரிவாக வெளியிட்டார்கள். வழக்கு, இழப்பீடு என்று அஞ்சிப் பூட்டி வைத்திருந்தால் அடுத்த நகரத்தின் பாலமும் ஆடியிருக்கும். அவர்கள் வெளியிட்டதால் பக்கவாட்டு ஆட்டம் இன்று நடைபால வடிவமைப்பு நெறிகளில் இடம்பெற்றுவிட்டது. கணித அறிஞர்களும் அந்தத் தரவுகளை விடவில்லை. 2005இல் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் உள்ளிட்டோர், கூட்டத்தின் அடிகள் தாமாகவே ஒத்திசைவதைச் சமன்பாடுகளால் விளக்கினார்கள். 2021இல் இகோர் பெலிக் உள்ளிட்ட இன்னொரு குழு, அடிகள் ஒத்திசையாமலேயே, ஒவ்வொருவரும் விழாமலிருக்கச் செய்யும் திருத்தங்கள் மட்டுமே பாலத்தை ஆடவைக்கப் போதும் என்று காட்டியது.