உணவு உண்டு, வழி இல்லை!

பசித்தவர்க்கு உணவளித்தல் இரக்கச் செயல்களுள் ஒன்று என்று நாம் மறைக்கல்வி வகுப்பிலேயே கற்றிருக்கிறோம். அன்று முதல் அதனை எளிய செயலாகவே எண்ணியும் வருகிறோம். ஒருவனிடம் உணவு இருக்கிறது. மற்றொருவன் பசியோடு நிற்கிறான். இருப்பவன் இல்லாதவனுக்குக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது. ஆனால் இவ்விருவருக்கும் நடுவே துப்பாக்கி ஏந்திய மூன்றாமவன் ஒருவன் நின்றால் என்ன செய்வது? அவனுடைய பகைவனான நான்காமவனும் துப்பாக்கியுடன் எதிரே நின்றால் என்ன செய்வது?

போர் மூண்ட நாடுகளில் பசி பெரும்பாலும் இவ்வாறே வருகிறது. துறைமுகத்தில் தானிய மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும்; லாரிகள் ஆயத்தமாக நிற்கும்; மருத்துவரும் செவிலியரும் காத்திருப்பர். உள்ளே செல்ல அனுமதி மட்டும் இராது. இரு தரப்பினரிடமும் பேசி அந்த அனுமதியைப் பெறுவதும், உதவி நிறுவனங்கள் பலவற்றையும் ஒழுங்குபடுத்தி உள்ளே அனுப்புவதும் தனியொரு பணியாகும். தவக்காலத்தில் நாம் சேர்த்துத் தரும் காணிக்கை பசித்தவர் கைக்குப் போய்ச் சேர்வதற்கு முன், எங்கோ ஒருவர் இந்தக் கதவைத் தட்டித் திறந்திருக்க வேண்டும். அக்கதவின் கதையைச் சிறிது சிந்திப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, போரில் ஈடுபடாத மக்களுக்கான மருந்துகளையும், பதினைந்து வயதிற்குட்பட்ட சிறுவர்க்கும் கருவுற்ற தாய்மார்க்கும் உரிய உணவையும் தடையின்றிச் செல்லவிட வேண்டும் என்று விதித்தது. 1977ஆம் ஆண்டின் துணை உடன்படிக்கைகள், பொதுமக்களைப் பட்டினியிடுவதைப் போர்முறையாகக் கையாளலாகாது என்று தெளிவாகத் தடை செய்தன. ஆயினும், உதவிப் பணிக்குச் சம்பந்தப்பட்டோரின் இசைவு வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. மறுக்கக்கூடாது என்பது சட்டம். கேட்டுத்தான் பெற வேண்டும் என்பதும் சட்டம். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய பாதையில்தான் உதவிப் பணியாளர் நடக்க வேண்டியிருக்கிறது.

மூன்று ஞாயிறுகளின் அமைதி

இந்தப் பாதையில் நடக்கமுடியும் என்பதை உலகுக்குக் காட்டிய நாடு எல் சால்வதோர். மத்திய அமெரிக்காவிலுள்ள இச்சிறு கத்தோலிக்க நாட்டில் 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. ஏழைகளுக்காகக் குரல் கொடுத்த பேராயர் ஆஸ்கார் ரொமேரோ 1980 மார்ச் 24 அன்று திருப்பலி நிறைவேற்றுகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2018இல் புனிதராக உயர்த்தப்பட்டவர் அவரே.

அம்மை, இளம்பிள்ளைவாதம், கக்குவான் போன்ற நோய்களால் அந்நாட்டுக் குழந்தைகள் மடிவதைக் கண்ட யுனிசெஃப் தலைவர் ஜேம்ஸ் கிராண்ட், தடுப்பூசி போடுவதற்காகப் போரைச் சில நாட்கள் நிறுத்தலாகாதா என்று அதிபர் துவார்த்தேயிடம் கேட்டார். கெரில்லாப் படையினரிடம் யார் பேசுவது? ரொமேரோவுக்குப்பின் பேராயரான அர்த்துரோ ரிவெரா இ தாமாஸும் அவரைச் சார்ந்த திருச்சபையினரும் இடைநின்று பேசினர். 1985ஆம் ஆண்டில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஏறத்தாழ 2,50,000 குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இந்த ‘அமைதி நாட்கள்’ தொடர்ந்தன. போர் நிற்கவில்லை, ஆனால் குழந்தைகளுக்காக அது வழிவிட்டது. பின்னாளில் நம் அண்டை நாடான இலங்கையிலும் போலியோ சொட்டு மருந்துக்காக இத்தகைய அமைதி நாட்கள் கடைப்பிடிக்கப்பட்டன.

சூடானில் திறந்த வழி

ஒரு நாளைக்கு வழி திறப்பது வேறு. ஆண்டுக்கணக்கில் அதனைத் திறந்து வைத்திருப்பது வேறு. அந்தக் கடினமான சோதனை சூடான் நாட்டில் நிகழ்ந்தது.

1983இல் வடக்கிலிருந்த கார்ட்டூம் அரசுக்கும், ஜான் கராங் தலைமையில் தெற்கில் எழுந்த மக்கள் விடுதலைப் படைக்கும் போர் மூண்டது. தென்னகத்தாருள் கிறிஸ்தவரும் மரபு வழிச் சமயத்தாரும் மிகுதி. இரு தரப்பாருமே உணவைப் போர்க்கருவியாக்கினர். கிளர்ச்சியாளர் வசமிருந்த ஊர்களுக்கு உணவு போகாமல் அரசு தடுத்தது; அரசுப் படை தங்கிய நகரங்களுக்கு உணவு வண்டிகள் போகாமல் கிளர்ச்சியாளர் தடுத்தனர். 1988ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் மாண்டோர் ஏறத்தாழ 2,50,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது.

இக்கொடுமை உலகின் மனச்சான்றைச் சுட்டது. 1989 மார்ச்சில் கார்ட்டூமில் மாநாடு கூடியது. அதே ஜேம்ஸ் கிராண்ட் ஐ.நா. பொதுச் செயலரின் தனித் தூதராக நின்று, பிரதமர் சாதிக் அல்-மஹதியின் அரசுடனும் கராங்கின் இயக்கத்துடனும் பேசினார். ஏப்ரலில் ‘சூடான் உயிர்நாடித் திட்டம்’ பிறந்தது. குறித்த சில பாதைகள் ‘அமைதி வழிகள்’ என அறிவிக்கப்பட்டன. இறைமை பொருந்திய ஓர் அரசும், அதனை எதிர்த்துப் போரிடும் படையும், இரு பக்கத்து மக்களுக்கும் உதவி செல்ல ஒருசேர இசைந்தது அக்காலத்தில் பெரும் புதுமை.

லொக்கிச்சோக்கியோவின் ஒரு நாள்

கென்யா நாட்டின் வடமேற்கு மூலையில், சூடான் எல்லையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், லொக்கிச்சோக்கியோ என்னும் வறண்ட சிற்றூர் உள்ளது. அதுவே தென்பகுதிப் பணிக்குத் தளமாயிற்று. முப்பதுக்கும் மேற்பட்ட உதவி நிறுவனங்கள் ஐ.நா. குடையின்கீழ் அங்கிருந்து பணிபுரிந்தன. கத்தோலிக்க நிறுவனங்களும் அவற்றுள் உண்டு.

அங்கு நடந்த வேலையின் பெரும்பகுதி எழுத்து வேலை என்றால் நமக்கு வியப்பாயிருக்கும். எந்தெந்த ஊர்களில் விமானம் இறங்கும் என்ற பட்டியல் மாதந்தோறும் கார்ட்டூமுக்கு அனுப்பப்படும். சில ஊர்களுக்கு இசைவு வரும். சிலவற்றின் பெயர் அடிக்கப்பட்டு வரும். கிளர்ச்சி இயக்கத்தின் நிவாரணப் பிரிவின் ஒப்புதலும் தேவை. இருவரும் இசைந்த ஊருக்கே விமானம் பறக்கும். உள்ளே சென்ற குழுவினர் வானொலிக் கருவி வழியாகத் தளத்துடன் தொடர்பில் இருப்பர். சண்டை நெருங்குகிறது என்ற செய்தி வந்தால், அவர்களை மீட்டுவர விமானம் விரையும்.

மழைக்காலத்தில் பாதைகள் சேறாகிவிடுவதால் உணவை வானிலிருந்தே போட நேர்ந்தது. விமானம் வரும்முன் ஒரு குழு அவ்வூருக்குச் சென்று, பசித்த குடும்பங்களைக் கணக்கெடுத்து, வெட்ட வெளியொன்றில் எல்லை குறித்து, மக்களையும் ஆடுமாடுகளையும் விலக்கி வைக்கும். ஏறத்தாழ 16 டன் சுமக்கும் ஹெர்க்குலிஸ் விமானம் தாழப் பறந்து மூட்டைகளைச் சொரியும். விழும் வேகத்தில் சிதறாதிருக்கச் சாக்குக்குமேல் சாக்காகக் கட்டியிருப்பர். பின்னர் பெண்களே கூடி, அளந்து, பங்கிட்டு, தலைச்சுமையாக வீடு கொண்டுசெல்வர்.

1995இல் உதவித் திட்டத்தாரும் கிளர்ச்சி இயக்கத்தாரும் சில நடைமுறை விதிகளில் கையெழுத்திட்டனர். தேவை ஒன்றே அளவுகோல். உதவி விமானத்தில் ஆயுதம் ஏறலாகாது. நிவாரணப் பொருளைப் படை தொடலாகாது என்பன அவற்றின் சாரம்.

கதவு மூடியபோது

திறந்தவனே மூடவும் வல்லவன் என்பதை 1998ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு தொடக்கத்தில் பாஹ்ர் எல் கஸால் பகுதியில் வாவ் நகரைச் சுற்றிக் கடும்போர் மூண்டு, மக்கள் கூட்டங்கூட்டமாக ஓடினர். பிப்ரவரியில் அப்பகுதிக்கு விமானங்கள் பறப்பதை அரசு தடை செய்தது. தடை தளர்ந்தபோது பஞ்சம் முற்றியிருந்தது. பல்லாயிரவர் மாண்டனர். பின்னர் விமானங்கள் இரவு பகலாக உணவு சுமந்தன. ஜூலையில் மூன்று மாதப் போர்நிறுத்தமும் வந்தது. ஆனால் பிப்ரவரியில் கிடைக்காத கஞ்சியை ஆகஸ்டில் கொடுத்து இறந்த பிள்ளையை எழுப்ப முடியுமா?

இன்னொரு துன்பமும் உண்டு. மக்களுக்குக் கொடுத்த உணவில் ஒரு பகுதி படையினரின் வயிற்றுக்கும் சென்றது. 2000ஆம் ஆண்டில், தாம் விதித்த புதிய உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டும் என்று கிளர்ச்சி இயக்கம் வற்புறுத்தவே, கொள்கையை விட்டுக்கொடுக்க இயலாதென்று சில பெரிய நிறுவனங்கள் வெளியேறின; மற்றவை, மக்களை விட்டுப் போகலாகாதென்று கையெழுத்திட்டு நின்றன. இரு சாராரையும் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

பட்டியலில் இல்லாத மக்கள்

நூபா மலைகளின் பெயர் அந்த அமைதி வழிகளில் இடம்பெறவேயில்லை. அம்மக்களிடம் உதவி செல்லக் கார்ட்டூம் இசையவில்லை. அப்பகுதியை உள்ளடக்கிய எல் ஒபெய்த் மறைமாவட்டத்தின் ஆயர் மக்ரம் மாக்ஸ் காசிஸ், அனுமதிக்குக் காத்திராமல் வாடகை விமானத்தில் அங்குச் சென்றார்; குருக்களையும் மருந்தையும் பள்ளியையும் கொண்டுசேர்த்தார். இதற்கு விலையும் உண்டு. 2000 பிப்ரவரி 8 அன்று கவுதா என்னும் ஊரில் மறைமாவட்டப் பள்ளியின்மீது அரசு விமானம் குண்டு வீசியதில் 14 சிறுவரும் ஓர் ஆசிரியரும் மாண்டனர். இரு தரப்பாரும் ஏற்ற போர்நிறுத்தம் 2002 ஜனவரியில் வந்தபிறகே உதவி அம்மலைகளுக்குத் தாராளமாகச் சென்றது.

அனுமதி பெற்றுச் செல்பவர் பல லட்சம் பேரை அடைகிறார். ஆனால் கதவை மூடுபவனின் பட்டியலுக்குக் கட்டுப்படுகிறார். அனுமதியின்றிச் செல்பவர் மறக்கப்பட்டவரை அடைகிறார். ஆனால் சிலரையே அடைகிறார். ஆபத்தையும் உடன்கொண்டு செல்கிறார். சூடானின் பசிக்கு இருவரும் தேவைப்பட்டனர்.

இன்றும் தட்டும் கைகள்

2005 ஜனவரியில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகியது. 2011இல் தென் சூடான் தனி நாடாயிற்று. 2013 இறுதியில் அங்கு உள்நாட்டுப் போர் மூண்டு, 2017இல் அதன் இரு வட்டங்களில் பஞ்சம் அறிவிக்கப்பட்டது. வடக்கே சூடானிலும் 2023 ஏப்ரலில் இரு படைத்தலைவர்களிடையே போர் வெடித்தது. சாடு நாட்டிலிருந்து தார்ஃபூருக்குள் செல்லும் ஆத்ரே எல்லைவாயில் 2024 பிப்ரவரியில் உதவி வண்டிகளுக்கு மூடப்பட்டது. ஆகஸ்ட் தொடக்கத்தில் சம்சம் இடம்பெயர்ந்தோர் முகாமில் பஞ்சம் உறுதி செய்யப்பட்டது. அம்மாத நடுவில்தான் வாயில் மீண்டும் திறந்தது. கதை மாறவில்லை, ஊரின் பெயர்தான் மாறியிருக்கிறது.

1991இல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானத்தின் பயனாக, இப்பணியை ஒருங்கிணைக்க இன்று தனி அலுவலகமே இயங்குகிறது. பொதுமக்களைப் பட்டினியிடுவதையும், உதவியைச் சட்டத்திற்கு மாறாகத் தடுப்பதையும் 2018இல் பாதுகாப்பு அவை கண்டித்தது. ஆயினும் தீர்மானங்கள் தாமாக லாரியை ஓட்டுவதில்லை. யாரோ ஒருவர் சோதனைச்சாவடியில் மணிக்கணக்காக நின்று, முகம் சுளிக்காமல், நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்லி, நாளையும் வருவேன் என்று விடைபெற வேண்டியிருக்கிறது.

கொலைக்குக் காரணமானவர்களோடு கைகுலுக்கிப் பேசுகிறார்களே என்று இவர்களைச் சிலர் இகழ்வர். பசித்த குழந்தையிடம் செல்லும் வழி அவர்கள் வாசலைக் கடந்து போகிறது என்பதே இவர்களின் மறுமொழி. அன்புக்கு நெகிழும் இதயம் போதும் என்று நாம் எண்ணலாம். பொறுமையும், கணக்கும், உண்மை தவறாத நாவும் அதற்கு வேண்டும் என்பதை இவர்கள் நமக்குக் கற்பிக்கின்றனர்.

இனி நம் இல்லங்களில் மாலைச் செபமாலையின்போது பசித்தவருக்காகவும், அவருக்கு உணவளிப்பவருக்காகவும் மன்றாடுவதோடு, வழி திறக்கக் கதவருகே காத்து நிற்பவருக்காகவும் ஓர் அருள் நிறை மந்திரம் சேர்த்துக்கொள்வோம். கதவின் அந்தப் பக்கம் நின்று மறுக்கின்றவனின் மனம் இளகவும் மன்றாடுவோம்.