கருப்புத் தக்காளியும் ஒரு சிவப்புச் செடியும்

என் மாடித்தோட்டத்தில் செரோக்கி பர்ப்பிள் தக்காளி ஆறு செடி வைத்திருந்தேன். திருப்பூர் நண்பர் ஒருவர் தபாலில் அனுப்பிய விதை. ஐந்து செடியில் பழம் கருஞ்சிவப்பாக வந்தது. ஆறாவதில் மார்க்கெட் தக்காளி மாதிரியே சிவப்பு. ஃபோன் பண்ணிச் சொன்னேன். "என்கிட்ட கலப்பே கிடையாதுங்க. நாத்து விடுறப்ப நீங்கதான் லேபிளை மாத்திட்டீங்க போல" என்றார். கொஞ்சம் கோபமும் இருந்தது குரலில். பத்து பேருக்கு அதே விதையைக் கொடுத்திருக்கிறார், கோபம் வராதா?

யார் மேல் தப்பு என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியும். அதற்கு முதலில் இந்தத் தக்காளி ஏன் கருப்பாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சாதாரணத் தக்காளி பழுக்கும்போது பச்சையம் சிதைந்து போகும், லைக்கோபீன் என்ற சிவப்பு நிறமி சேரும். செரோக்கி பர்ப்பிளில் ஒரு மரபணு பழுதாகி இருப்பதால் பச்சையம் முழுதாகச் சிதைவதில்லை. சிவப்போடு பச்சை கலந்தால் பழுப்பும் கருப்பும்தானே. இதோடு தோலும் சேர்ந்து விளையாடுகிறது. சாதாரணத் தக்காளியின் தோலை உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மஞ்சளாக இருக்கும். செரோக்கி பர்ப்பிளின் தோல் கண்ணாடி மாதிரி நிறமே இல்லாதது. அதனால்தான் அது ஊதா சாயலில் தெரிகிறது. அதே சதைக்கு மஞ்சள் தோல் போட்டால் சாக்லேட் பழுப்பு. (ஆன்லைனில் "கருப்புத் தக்காளி" என்று விற்கும் இன்னொரு வகை உண்டு, ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் உருவாக்கிய இண்டிகோ ரோஸ் போன்றவை. அதில் வெயில் பட்ட தோல் மட்டும்தான் கருநீலம், அது ஆந்தோசயனின் வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இந்த இரண்டு குணமும், அதாவது கருப்புச் சதையும் நிறமில்லாத் தோலும், ஒடுங்கு குணங்கள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஒரு பக்கம் மட்டும் சாதாரணச் சிவப்பு வகை வந்துவிட்டால், பிள்ளை அச்சு அசல் சிவப்புத் தக்காளி.

தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். சூல்முடி மகரந்தக் குழலுக்குள்ளேயே ஒளிந்திருப்பதால் வெளி மகரந்தம் நுழைவது கஷ்டம். அந்தத் தைரியத்தில்தான் நம்மில் பலர் பக்கத்துப் பக்கத்தில் நாலு ரகம் வைத்து விதை எடுக்கிறோம். ஆனால் வெயில் ஏறும்போது சூல்முடி நீண்டு குழலுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். அப்போது தச்சுத் தேனீ (மரத்தில் ஓட்டை போடும் அந்தக் குண்டு கருவண்டுதான்) பூவைப் பிடித்து ர்ர்ர் என்று அதிரவிட்டால் கதை முடிந்தது. நம் ஊர் மார்ச், ஏப்ரல் வெயிலில் இது நடக்க நிறையவே வாய்ப்பு.

இதில் பெரிய சிக்கல், கலப்பு நடந்த பழத்தைப் பார்த்தால் தெரியாது. பழம் தாய்ச்செடியின் உடம்பு, அது அதே கருப்பில் அதே ருசியில்தான் இருக்கும். உள்ளே இருக்கும் விதைக்கு மட்டும்தான் அப்பா மாறியிருக்கும். ஆக நண்பர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணால் பார்த்தது சுத்தமான பழம்தான்.

இனி என் சோதனை. அந்தச் சிவப்புப் பழத்தின் விதையை எடுத்து அடுத்த பருவத்தில் போட்டேன். நான் லேபிளை மாற்றியிருந்தால் அது வெறும் சிவப்பு ரகம், பிள்ளைகள் எல்லாம் சிவப்பாகத்தான் வரும். கலப்பு என்றால் ஒளிந்திருந்த கருப்பு நாலில் ஒன்றில் வெளியே வர வேண்டும். எத்தனை செடி போதும்? எட்டுச் செடியிலும் கருப்பு வராமல் போக 0.75 இன் எட்டாம் அடுக்கு, சுமார் 10 சதவீதம். எனக்கு அது போதும் (மாடியில் இடமும் அவ்வளவுதான்).

எட்டில் ஆறு சிவப்பு. இரண்டு பழுப்பு, மஞ்சள் தோலோடு. நான் லேபிளை மாற்றவில்லை! சதையும் தோலும் இரண்டுமே ஒத்து ஊதாவாக வர 16 இல் 1 தான் வாய்ப்பு, அது வராததில் ஆச்சரியமில்லை.

இந்த ரகத்துக்குப் பெயர் வந்த கதையே ஒரு தபால்தான். 1990 இல் அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தின் செவியர்வில்லிலிருந்து ஒருவர், கிரெய்க் லெஹூலியர் என்ற வேதியியலாளருக்குக் கொஞ்சம் விதை அனுப்பினார். செரோக்கி பழங்குடியினர் நூறு வருடம் முன்பு கொடுத்தது என்று கூடவே ஒரு குறிப்பு. லெஹூலியர் வளர்த்துப் பார்த்துப் பெயர் வைத்தார், மற்றவர்களுக்கும் விதை வணிகர்களுக்கும் அனுப்பினார். உலகமெங்கும் இன்று இருப்பது அந்த ஒரு கவரின் வம்சம். நடுவில் யாரோ ஒருவர் மாடியில் வண்டு வந்து போயிருந்தால், பெயர் மட்டும் பயணம் செய்திருக்கும்.

தடுப்பது சுலபம். தாம்பூலம் போட்டுத் தருகிற வலைப்பையை மொக்கு விரியும் முன்பே கொத்தின் மேல் கட்டிவிடுங்கள். காலையில் காம்பை விரலால் நாலு தட்டு தட்டினால் போதும், காய் பிடிக்கும். பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அந்தக் காம்பில் கலர் நூல் கட்டுங்கள், விதை அந்தக் காயிலிருந்து மட்டும். விதையை அதன் கொழகொழப்போடு இரண்டு நாள் புளிக்க விட்டுக் கழுவி, நிழலில் பீங்கான் தட்டில் காய வையுங்கள். பேப்பரில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். வெளிநாட்டிலிருந்து கவரில் விதை வரவழைப்பதை மட்டும் செய்யாதீர்கள். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் அது சட்டப்படி குற்றம், தக்காளியைத் தாக்கும் வைரஸ்கள் விதையோடு பயணிக்கும் என்பது உண்மையான பயம்.

பழுப்பை நான் தூக்கிப் போடவில்லை. கருப்புச் சதை அதில் நிலைத்துவிட்டது, இனி மாறாது. அளவு, ருசி, காய்ப்பு எல்லாம் இன்னும் ஆடும். தலைமுறைக்கு ஒருமுறை ஆட்டம் பாதியாகும், எட்டாம் தலைமுறையில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆனால் அதற்கு செரோக்கி பர்ப்பிள் என்று பெயர் போட முடியாது. கவரில் "தாய்: செரோக்கி பர்ப்பிள், தந்தை: தெரியாது" என்று எழுதி, வருடமும் போட்டேன்.

நண்பரிடம் எண்ணிக்கையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பழுப்புல பத்து விதை எனக்கு அனுப்புங்க. மத்த பத்து பேர்கிட்டயும் நான் சொல்லிடறேன்" என்றார்.