சேற்றுத் தரையில் இருந்து சென்னைக்குத் தபால்!

மரக்காணம் உப்பளத்தில் மழை இறங்கினால் அவ்வளவுதான். பாத்தி கரையும், கூலி போகும்.

பம்பாய் ஜூஹு விமான களத்துக்கும் ஒரு காலத்தில் இதே கதி! கடலோரச் சேற்றுத் தரைதான் ஓடுதளம். மழைக்காலத்தில் சக்கரம் வைக்க முடியாது.

அங்கே வந்து இறங்கியது ‘புஸ் மாத்’. ஒரே என்ஜின். பைலட்டோடு 3 பேர் உட்காரலாம். வசதியுள்ளவர்கள் குடும்பத்தோடு ஊர் போக வாங்கிய ரகம். டாட்டா கம்பெனி அதில் தபாலை ஏற்றியது.

1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில் இருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஓட்டி வந்தார். வழி சொல்ல ரேடியோ கிடையாது! அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக நம்ம சென்னைக்குத் தபாலைக் கொண்டு வந்தார்.

மழை வந்ததும் சர்வீஸ் நின்றுவிட்டதா? அதுதான் இல்லை! ஜூஹு சேறானதும் களத்தைப் பூனாவுக்கு மாற்றினார்கள். முதல் வருஷம் நூற்றுக்கு நூறு நேரம் தவறவில்லை என்று சர்க்கார் இலாகாவே பாராட்டியது.

இடத்தை மாத்தினாங்களே தவிர, நேரத்தை மாத்தலே! அந்தக் குட்டி விமான சர்வீஸ்தான் 1946-ல் ‘ஏர் இந்தியா’ ஆனது.