அடுத்த வருடத்துக்குக் கொஞ்சம் விதை

ரொறன்ரோவில் வீட்டுத்தோட்டக்காரருக்குக் கிடைப்பது மே நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர் வரை, ஐந்து மாதங்கள்தான். காய் பறிக்க அது போதும். விதை எடுக்கப் பல சமயம் போதாது. இதை எனக்குக் கற்றுத்தந்தது அவரை.

மாமி ஒருவர் பத்து ஊர் அவரை விதை தந்தார். பத்தையும் போட்டேன். கொடி வேலியை மூடியது, பூவைக் காணோம். செப்டெம்பர் கடைசியில் பூத்தது, ஒக்ரோபரில் உறைபனி கருக்கிவிட்டது. எருவில்தான் பிழை என்று நினைத்தேன். காரணம் வேறு. பழைய அவரை வகைகள் பல, இரவு நீண்டால்தான் பூக்கும். யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தைத் தொடாது. ரொறன்ரோவில் ஜூன் மாதத்துப் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல்!

முதலில் எதை எடுக்கலாம் என்று பார்ப்போம். பாக்கெட்டில் எஃப்-1 என்று இருந்தால் அது கலப்பினம். அதன் விதை முளைக்கும், ஆனால் தாயைப் போலக் காய்க்காது. மூலநிரல் இல்லாமல் விற்கும் மென்பொருள் மாதிரி. நாட்டு வகைகளில் தக்காளி, பயற்றை, அவரை ஆகியவை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் சுலபம். பூசணி அப்படியல்ல. பக்கத்து வீட்டு சுக்கினியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து ஹலோவீன் பூசணியில் சேர்த்துவிடும். பெண்பூவை முதல்நாள் மாலையே கட்டிவைத்து, காலையில் அதே வகை ஆண்பூவால் தொட்டு, மறுபடி கட்டவேண்டும்.

தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு முளைப்பதைத் தடுப்பது. பழுத்த பழத்தின் விதையைக் கொஞ்சம் தண்ணீருடன் இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டால் அது கரையும். நல்ல விதை அடியில் தங்கும். கழுவித் தட்டில் உலர்த்துங்கள், காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். பாகலைச் செம்மஞ்சளாகப் பழுத்து வெடிக்கும்வரை விட்டு, சிவப்புச் சதையைக் கழுவி நீக்கவேண்டும். அவரை, பயற்றை கொடியிலேயே காய்ந்து கலகலக்க வேண்டும்.

ஊரில் நல்ல காயில் துணி கட்டிவிடுவார்கள், யாரும் பறிக்காமலிருக்க. நாம் பெரும்பாலும் நல்லதைக் கறிவைத்துவிட்டுக் கடைசிச் சூம்பலை விதைக்கு விடுகிறோம். முந்திக் காய்த்த செடியிலிருந்து வருடாவருடம் எடுத்தால்தான் இந்தக் குறுகிய கோடைக்கு ஏற்ற விதை மெல்ல அமையும். நன்றாக உலர்த்தி, வருடம் எழுதி, காற்றுப்புகாத போத்தலில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். தக்காளி நாலைந்து வருடம் தாங்கும்; வெங்காயம் ஒன்றிரண்டுதான்.

சேமித்த விதை நீதிமன்றம் வரை போனதும் இந்த நாட்டில்தான். காப்புரிமை பெற்ற மரபணு கொண்ட கனோலாவைச் சேமித்து விதைத்த சஸ்காச்சுவான் விவசாயி பேர்சி ஷ்மைசருக்கு எதிராக, 2004இல் கனடிய உச்சநீதிமன்றம் 5-4 என்று தீர்ப்பளித்தது. நம் கொல்லை அவரைக்கு யாரும் காப்புரிமை வாங்கவில்லை. அதை அழியவிட்டால் பிழை நம்முடையதே. மரபு விதைகளைக் காக்க இங்கே 1984இலேயே ஒரு முயற்சி தொடங்கியது. இன்று சீட்ஸ் ஆஃப் டைவர்சிட்டி என்ற அமைப்பாக இருக்கிறது. குளிர்காலக் கடைசியில் விதை பரிமாறும் சனிக்கிழமைக் கூட்டங்களும் நடக்கின்றன.

மாமி என்னைப்போல் அல்ல, கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தார். இன்னும் நாலு விதை தந்தார். இரண்டை மட்டும் தொட்டியில் போட்டேன். ஜூலை முதல் மாலை ஐந்து மணிக்குத் தொட்டியை இருண்ட கராஜுக்குள் வைத்து, காலை ஏழுக்கு வெளியே எடுத்தேன். ஓகஸ்டில் பூத்தது. ஒக்ரோபரில் ஏழு காய் கலகலத்தது. அவருடைய நாலு விதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.