பாடத்திற்கு அப்பாலும் ரசாயனம்

பிழைப்பை நாடிப் பெங்களூர் வந்து நிலைத்துவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், மகனோ மகளோ பி.எஸ்ஸி. வகுப்பில் ரசாயனத்தை முதன்மைப் பாடமாகக் கொண்டு படித்து வருகின்றனர். பெற்றோர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: ‘மதிப்பெண் எவ்வளவு?’ கேள்வியில் தவறில்லை. ஆயினும், மூன்றாண்டு முடிவில் அந்த மாணவர் எதைச் செய்யவல்லவர் என்பதை மதிப்பெண் மட்டும் சொல்லிவிடாது. கல்லூரிச் சோதனைச்சாலையில் நடைபெறும் பரிசோதனைகளின் விடை ஆசிரியருக்கு முன்னமே தெரியும். பல வேளைகளில் மாணவருக்கும் தெரியும். விடை ஒருவருக்குமே தெரியாத கேள்வியை எதிர்கொள்ளும்போதுதான் விஞ்ஞானம் தொடங்குகிறது. அந்த அனுபவத்தைப் பாடவேளைக்கு வெளியேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

இதற்கு நம்மவரிடையே நல்ல முன்னோடி ஒருவர் உண்டு. வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், பட்டம் பெற்றதும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் ரசாயன சோதனைப் பயிற்சியாளராக அமர்ந்தார். அங்கே நண்பகல் உணவு வேளையில் மாணவர்களைக் கூட்டி, பௌதிகம், கணிதம், ரசாயனம் ஆகியவற்றில் எந்த ஐயத்தையும் கேட்கலாம் என்று ஒரு கலந்துரையாடலைத் தொடங்கினார். பிற கல்லூரி மாணவரும் அதை நாடி வந்தனர். அதற்குத் தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை. பின்னர் 1920-ல் கல்கத்தா சென்று ராமனுடன் சேர்ந்த அவர், 1928-ல் வெளிப்பட்ட ராமன் விளைவின் ஆராய்ச்சியில் உடனுழைத்தார். நான்கு மாணவர் கூடி வாரம் ஒருமுறை ஒரு கேள்வியை ஆராய்வதற்குப் பணம் தேவையில்லை; ஒரு மரத்தடி போதும்.

பெங்களூர் மாணவருக்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. 1909-ல் நிறுவப்பெற்ற இந்திய விஞ்ஞானக் கழகமும், ராமன் 1934-ல் தோற்றுவித்த இந்திய விஞ்ஞான அகாதெமியும், 1989-ல் அமைந்த ஜவாஹர்லால் நேரு உயர் விஞ்ஞான ஆராய்ச்சி மையமும் இந்நகரிலேயே உள்ளன. விஞ்ஞானக் கழகம் ஆண்டில் ஒரு நாள் பொதுமக்களுக்குத் தன் ஆராய்ச்சிச் சாலைகளைத் திறந்து வைப்பது வழக்கம். அகாதெமி 1996 முதல் வெளியிட்டு வரும் ‘ரெசொனன்ஸ்’ என்னும் மாத இதழ் கல்லூரி மாணவரை மனத்திற்கொண்டு எழுதப்படுவது; இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். நாட்டின் மூன்று விஞ்ஞான அகாதெமிகளும் சேர்ந்து, கோடை விடுமுறையில் ஆராய்ச்சியாளர் ஒருவரிடம் இரண்டு மாதம் பணிபுரிய உதவித்தொகை அளித்து வந்துள்ளன. நேரு மையமோ, பி.எஸ்ஸி. முதலாண்டு மாணவர் சிலரைத் தேர்ந்து, தொடர்ந்து மூன்று கோடைகள் ரசாயன ஆராய்ச்சியில் ஈடுபடுத்தும் திட்டம் ஒன்றை நடத்தி வந்துள்ளது. தகுதியும் கெடுவும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடுமாதலால், அறிவிப்பை மழைக்காலத்திலிருந்தே கவனித்து வருதல் நலம்.

இடம் கிடைக்காதவர் மனம் தளர வேண்டியதில்லை. ஆராய்ச்சிக்குரிய பொருள் வீட்டுக்கு அருகிலேயே கிடக்கிறது. பெல்லந்தூர் ஏரியில் 2015 முதல் சில ஆண்டுகள் நுரை மலைபோல் எழுந்து சாலையில் பரவியதும், நீர்ப்பரப்பில் தீப்பற்றியதும் நாடறிந்த செய்தி. சுத்திகரிக்கப்படாத சாக்கடை நீரும் அதில் கலந்த சலவைப் பொருள்களும் நுரைக்கு முக்கிய காரணங்கள். இத்தகைய நீரில் பிராணவாயு எவ்வளவு கரைந்துள்ளது என்று அளக்கும் முறையை, 1888-ல் புடபெஸ்டில் டாக்டர் பட்டத்திற்கு ஆராய்ந்துகொண்டிருந்த விங்க்ளர் என்னும் இளைஞரே வகுத்தளித்தார்.

காற்றுக் குமிழி புகாமல் புட்டியில் நீரை நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டையும் காரம் கலந்த பொட்டாசியம் அயோடைடையும் சேர்த்தால், பிராணவாயு உள்ள நீரில் பழுப்பு வண்டல் படியும். அஃது இல்லாவிடில் வண்டல் வெண்மையாகவே இருக்கும். பின் அமிலம் இட, பிராணவாயுவின் அளவுக்கேற்ப அயோடின் வெளிப்படும். அதைத் தயோசல்பேட் கரைசலால் அளந்து, மாவுக் கரைசலின் நீலநிறம் மறையும் கணத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வகுப்பில் சலிப்புடன் செய்யும் அதே அளவறி பரிசோதனைதான் இது!

25 டிகிரி வெப்பத்தில், கடல்மட்டத்தில், தூய நீர் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைந்த பெங்களூரில் அது 7.4 அளவுக்கு இறங்கிவிடுகிறது. பாடப்புத்தகத்து எண்ணை அப்படியே எடுத்தாள்பவர் ஏரியின்மேல் வீண்பழி சுமத்துவார். சாக்கடை நீரிலுள்ள நைட்ரைட்டும் கணக்கைக் கெடுக்கும். ஆதலின் ஆசிரியரின் மேற்பார்வையும், கையுறை முதலிய பாதுகாப்பும் இன்றியமையாதவை. அலசூர் ஏரி நீரை ஓராண்டு, மாதந்தோறும், ஒரே இடத்தில், ஒரே வேளையில் அளந்து நாளிட்டு எழுதிய குறிப்பேடு, எந்த ஆராய்ச்சியாளரிடமும் மாணவருக்காகப் பரிந்து பேசும்.

ஆராய்ச்சியாளருக்குக் கடிதம் எழுதுவதிலும் ஒரு முறை உண்டு. ‘ஏதேனும் வேலை தருக’ என்று நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதைவிட, ஒருவருடைய கட்டுரையைப் படித்து, புரிந்தது இது, புரியாதது இது என்று பத்து வரி எழுதுவது மேல். மறுமொழி வராவிடில் அதை அவமதிப்பாகக் கொள்ளலாகாது. கன்னடத்தில் நன்கு பேசப் பழகுவதும் இங்கே கல்வியின் ஒரு பகுதியே. சோதனைச்சாலை உதவியாளரிடமும் ஏரிக்கரை மீனவரிடமும் உரிமையுடன் கேட்டறியும் செய்திகள் நூலில் கிடைப்பதில்லை.

பெற்றோர்க்கு ஒரு சொல். கோடையில் இரண்டு மாதம் பிள்ளை ஊதியமின்றி ஏரிக்கும் சோதனைச்சாலைக்கும் அலைவது வீண் என்று தோன்றக்கூடும். வருமானம் குறைந்த குடும்பத்திற்கு அது மெய்யான சுமைதான்; எனவே உதவித்தொகையுள்ள வாய்ப்பை முதலில் நாடுவது தகும். ஆனால் ஆராய்ச்சி தமக்கு ஏற்றதா என்பதை பத்தொன்பது வயதில் அறிந்துகொள்பவர், ஏற்றதன்று என்று கண்டாலும் இலாபமே அடைகிறார். பல ஆண்டுகளைப் பின்னர் இழக்காமல் தப்புகிறார். ஏற்றது என்று கண்டாலோ, அவர் கையிலுள்ள பட்டத்திற்குப் பொருள் பிறந்துவிடுகிறது.